சித்தப்பா பிரித்துப்போட்ட ஆட்டோஹார்ப்

என் சித்தப்பாவுக்குக் கிடார் வாசிக்கத் தெரியும் என்பதைவிட, மற்றவர்களுக்கு எதுவும் வாசிக்கத் தெரியாது என்பது நன்றாகத் தெரியும். கல்யாண மெல்லிசைக் குழு ஒன்றில் இருந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்காவது போய் வாசித்துவிட்டு வந்தால், மறுநாள் இட்லி தின்றபடியே தபேலா எங்கே சறுக்கியது, கீபோர்டு எங்கே உளறியது என்று எங்களுக்கு விவரமாகச் சொல்வார். அவர் சறுக்கிய கதை மட்டும் எங்கள் வீட்டில் கிடையாது. ஒன்று உண்டு, அதை நான் இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு படித்தேன். எங்கள் மாடியறையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் குடியிருந்தார். அறுபது வயதிருக்கும். கணவரோடு ஆசிரமத்துக்கு வந்தவர், கணவர் இங்கேயே காலமாகிவிட, ஊர் திரும்பாமல் தங்கிவிட்டார். ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் ஆட்டோஹார்ப் என்று ஒரு வாத்தியம் இருந்தது. முறம் அளவுக்கு ஒரு மரப்பெட்டி, அதன்மேல் முப்பத்தாறு கம்பிகள், கம்பிகளுக்குக் குறுக்கே பதினைந்து பட்டைகள், பட்டைக்கு ஒரு பொத்தான். கைக்குழந்தையைப் போல அதை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் பொத்தானை அமுக்கி, மறுகையால் கம்பிகளை வருடுவார். தினமும் மாலையில் மலையைப் பார்த்தபடி ஒரே பாட்டைத்தான் பாடுவார். அது அவர் கணவருக்குப் பிடித்த பாட்டு என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

சித்தப்பாவைப் பொறுத்தவரை அது வாத்தியமே இல்லை. காய்த்துப்போன விரல்நுனிகளை என் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"இதைப் பாரு பாப்பா. மூணு சுரம் ஒண்ணா சேர்ந்து ஒலிக்கிற ஒரு கார்டு ஒழுங்கா புடிக்க எனக்கு ஆறு மாசம் ஆச்சு. இதுல பொத்தானை அமுக்குனா கார்டு வந்துடுமாம். அப்ப நம்ம வீட்டு காலிங் பெல்லும் வாத்தியம்தான்."

அந்த வருஷம் ஆன்ட்டிக்கு இதயத்தில் கோளாறு வந்தது. அவரை அழைத்துப்போக வெளிநாட்டிலிருந்து மகள் வந்தாள். ஆன்ட்டி இனி திரும்பி வரப்போவதில்லை. கிளம்பும் முன் கடைசியாக ஒருமுறை அந்தப் பாட்டை இங்கே பாடிவிட வேண்டும் என்று ஆன்ட்டிக்கு ஆசை. ஆனால் ஆட்டோஹார்ப்பில் ஒரு கம்பி அறுந்திருந்தது. "தம்பி, ஒரு கம்பி மட்டும்" என்று சித்தப்பாவிடம் கொடுத்தார்.

அவர் சொன்னபடி ஒரு கம்பியை மட்டும் மாற்றியிருந்தால் வம்பே இல்லை. சித்தப்பா பட்டைகளைக் கழற்றிப் பார்த்தார். ஒவ்வொன்றின் அடியிலும் தடித்த கம்பளித் துணி ஒட்டியிருந்தது. பழசாகி, பூச்சி அரித்திருந்தது.

"இத்தினி கம்பி இருந்தும் சத்தம் கம்மியா வருதேன்னு பார்த்தேன். துணிய வெச்சு அமுக்கி வெச்சிருக்காங்க!"

பிளேடை எடுத்துப் பதினைந்தையும் வழித்துவிட்டார். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தார். வழித்ததை அள்ளிக் குப்பையில் போட்டவள் நான். மறுநாள் காலையில் குப்பை வண்டியும் வந்து போய்விட்டது.

அதன்பிறகுதான் அறுந்த கம்பியை மாற்றி, பட்டைகளை மாட்டி, பொத்தானை அமுக்கிப் பார்த்தார். சந்தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் விலை கூவுவதுபோல் முப்பத்தாறு கம்பிகளும் கத்தின. வேறு பொத்தானை அமுக்கினாலும் அதே கூச்சல்தான். சித்தப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு பட்டையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயோ பாப்பா, தப்பு பண்ணிட்டேன். அந்தத் துணி வேணாத கம்பியெல்லாம் தொட்டு நிறுத்திடும். மீதி நிக்கிறதுதான் கார்டு. யாரோ ஒருத்தன் எவ்ளோ யோசிச்சு செஞ்சிருக்கான் பாரு. நான் அதைப் போயி காலிங் பெல்லுன்னேன்."

சித்தப்பா வேறொரு வாத்தியத்தைப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆன்ட்டியிடம் சொல்லிவிடலாம் என்றேன். "வேணாம், நெஞ்சு சரியில்லாதவங்க" என்றார். கார் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அன்றைக்குப் பௌர்ணமி, கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் பயணத்தை வியாழக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டே நாள்தான் இருந்தது. சித்தப்பா என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினார். அங்கே தையற்கடை வைத்திருந்த பாய், கோட்டுக் காலருக்கு அடியில் வைக்கும் கம்பளித் துணியை எடுத்துக் கொடுத்தார்.

"இதுல என்னா தைக்கப் போறீங்க?"

"தைக்கல பாய். பண்ண தப்ப மூடப் போறேன்."

இரண்டு நாளும் சித்தப்பா கிடாரைத் தொடவில்லை. கல்யாணக் கச்சேரி ஒன்றுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு பட்டையையும் கம்பிகள்மேல் வைத்து, ஒலிக்க வேண்டிய கம்பி வரும் இடத்தில் சாக்பீஸால் குறித்து, அங்கே மட்டும் துணியை வெட்டி எடுத்து, மீதியைப் பசைபோட்டு ஒட்டினார். கார்டுகளைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் அந்தத் துணியில்தான் கொட்டினார்.

வியாழக்கிழமை காலை, வாசலில் கார் நிற்கும்போது, மாடியில் ஆன்ட்டி வாத்தியத்தை நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். அவர் மகளும் என் அம்மாவும் சித்தப்பாவும் நானும் எதிரே உட்கார்ந்திருந்தோம். முதல் இரண்டு பொத்தான்களும் சுத்தமாகப் பேசின. மூன்றாவதில், சம்பந்தமே இல்லாத ஒரு கம்பி கூடவே ஒலித்தது. சித்தப்பா ஓரிடத்தில் தப்பாக வெட்டியிருந்தார். ஆன்ட்டி நிறுத்தினார். மறுபடியும் அதே பொத்தானை அமுக்கிக் கேட்டார். பட்டைக்கு அடியில் விரலை விட்டுத் தடவினார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆன்ட்டி பாட ஆரம்பித்தார். அந்தப் பொத்தான் வரும் இடத்தை ஒருமுறைகூட அவர் தவிர்க்கவில்லை. அந்தப் பிசகிய கம்பியோடு சேர்த்தே முழுப் பாட்டையும் பாடி முடித்து, வாத்தியத்தைத் தூக்கிச் சித்தப்பா மடியில் வைத்தார்.

"தம்பி, ரொம்ப நல்லா இருக்கு. இனிமே உனக்கு."

அது இப்போதும் சித்தப்பாவிடம்தான் இருக்கிறது. மற்ற பட்டைகளுக்கு எத்தனையோ தடவை துணி மாற்றிவிட்டார், அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. அத்தனை வருஷம் தினமும் வாசித்த ஆன்ட்டிக்கு முதல் பொத்தானிலேயே எல்லாம் தெரிந்திருக்கும் என்று இப்போது எனக்குப் புரிகிறது. அன்று புரியவில்லை. கார் கிளம்பியதும் மாடிப்படியில் சித்தப்பாவின் கையைப் பிடித்துக் குதித்தேன். "ஆன்ட்டி கண்டுபுடிக்கவே இல்ல சித்தப்பா!" என்றேன். அவர் படியில் அப்படியே உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஜெயித்தபிறகும் எதற்காக அழுகிறார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.