போயிட்டு வாங்க

இதைக் கட்டுக்கதை என்பவர்கள் நேராக மந்தைவெளிக்குப் போய் ஸ்வர்ணலதாவைக் கேட்டுக்கொள்ளலாம். அங்கே ஒரு நோயாளிகள் காப்பகத்தில் அவள் இன்றும் ஆயா வேலை பார்க்கிறாள். ஆனால் மதியம் மூன்றரை மணி ஆகிவிட்டால் நாலாம் நம்பர் கட்டில் பக்கம் மட்டும் போகமாட்டாள்.

போலந்திலிருந்து ஆறு மாதத் தொண்டுக்கு வந்த ஹெலேனாவுக்குத் தமிழ் மேல் பைத்தியம். கிளம்புகிறவர்களிடம் ‘போயிட்டு வாங்க’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஸ்வர்ணலதா சொன்னாலும் சொன்னாள், கேஸ் சிலிண்டர் போடுகிறவரைக்கூட அந்தப் பெண் விட்டுவைக்கவில்லை.

புதன்கிழமை முத்தம்மா இறந்துபோனாள். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்றவள், நாலாம் கட்டில். மதியம் 3.40க்கு உடலை வண்டியில் ஏற்றினார்கள். ஹெலேனா அழுதுகொண்டே கைகூப்பினாள்.

“போயிட்டு வாங்க.”

ஸ்வர்ணலதா வாயில் அடித்துக்கொண்டாள். “அய்யய்யோ! பொணத்தப் பாத்து வான்னு சொல்லலாமா? இன்னாமா நீ!”

வியாழன். அதே கட்டிலுக்குச் சாந்தோம் ரோஸி வந்தாள். கால் எலும்பு முறிவு. ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து வீட்டுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அதையே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மணி 3.40. டங்... டங்... டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டும் சத்தம். முத்தம்மா டீ கேட்பது அப்படித்தான். ஹெலேனா ஓடிப்போய்ப் பார்த்தாள். ரோஸி தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் போர்வைக்குள்.

வெள்ளி. 3.40. டங்... டங்... ரோஸி கட்டிலின் ஓரத்துக்கு ஒதுங்கிக் கிடந்தாள்.

“பாப்பா... பக்கத்துல யாரோ குந்திகினு கீறாங்க. நவுரு நவுருன்றாங்க.”

ஹெலேனாவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. இந்த மொழியைப் படிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மெத்தையின் மறுபாதி அழுந்தியிருந்தது.

தான் அழைத்ததைத் தானே அனுப்ப வேண்டும். ஹெலேனா கைகூப்பினாள்.

“போங்க... திரும்பி வராதீங்க.”

சத்தம் நின்றது.

மெத்தை மெல்ல எழும்பியது.

ரோஸியின் மூச்சும் நின்றது.

3.41.

மாரடைப்பு என்றார் டாக்டர். விஷயம் தெரியாத வாட்ச்மேன் அக்பர் பாஷா சிரித்த முகமாக உள்ளே வந்தார்.

“ரோஸிம்மாவுக்குக் கால் சரியாய்ட்ச்சா? இப்பதான் கேட்டத் தாண்டி நடந்து போனாங்க. கூட இன்னொரு அம்மா... மூஞ்சி தெரில.”

ஸ்வர்ணலதா மெதுவாக ஹெலேனாவைப் பார்த்தாள். “நீ இன்னா சொல்லி அனுப்புன?”

“போங்க.”

ஸ்வர்ணலதா தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“மரியாதையா ஒருத்தரச் சொன்னாலும் போங்கதான்மா... ரெண்டு பேரச் சொன்னாலும் போங்கதான்.”