அப்பாவின் சமாதானமும் என் நோட்டுப் புத்தகமும்

எங்கள் வீட்டில் கடவுள் என் அப்பாவின் நெஞ்சுக்குழி வழியாகத்தான் பேசுவார். மாடு வாங்குவதா, கூரை மாற்றுவதா, தங்கையைப் போர்டிங்கில் சேர்ப்பதா, எதுவானாலும் அப்பா மூன்று நாள் ஜெபம் செய்வார். நான்காம் நாள் காலையில் நெஞ்சுக்குழியில் வலது கையை வைத்துக் கண்ணை மூடிப் பார்ப்பார். "மனசுல சமாதானம் இருக்கு" என்றால் காரியம் நடக்கும். "தடை இருக்கு" என்றால் நடக்காது. மேல்முறையீடு கிடையாது.

பாளையங்கோட்டை மிஷன் குடும்பங்களில் அப்போது இது பொது வழக்கம். சமாதானம் வராமல் பெண் கொடுக்க மாட்டார்கள், ஊர் மாற மாட்டார்கள். எங்கள் எதிர்வீட்டுக்காரர் குடை வாங்கச் சமாதானம் வராமல் இரண்டு மழைக்காலம் நனைந்தார். ஆனாலும் எங்கள் அப்பாவின் நெஞ்சுக்குழிக்குத் தனி மதிப்பு இருந்தது. திசையன்விளைப் பக்கத்துச் செம்மண் ஊர்களில் இருபத்தெட்டு வருஷம் ஜெபம் நடத்தி வேதம் சொல்லும் உபதேசியாராக இருந்துவிட்டு வந்தவர் அவர். தங்கள் நெஞ்சில் ஒன்றும் பிடிபடாதவர்கள் அவருடைய நெஞ்சை இரவல் கேட்டு வருவார்கள்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து, பன்னிரண்டு வாக்கில் இருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியார் வேலை. அறுபத்திரண்டு பையன்கள் இருக்கும் வகுப்பில் எவனும் எண்ணத்தான் செய்வான். எனக்கு வீட்டுக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. பிரசங்கத்தில், நாங்கள் ஐயர் என்று கூப்பிடும் குருவானவர் "ஆகையால்" என்று எத்தனை தடவை சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அதிகபட்சம் நாற்பத்தொன்று. எண்ணாவிட்டால் ஏதோ களவு போவது போல இருக்கும். இன்றைக்கும் அப்படித்தான். நேற்று டாக்டர் எனக்குக் கொடுத்த மாத்திரையில் ஒன்று குறைகிறது, யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

அப்படி எண்ணுகிறவன் கண்ணில் அப்பாவின் நெஞ்சுக்குழி படாமல் போகுமா? ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தேதி, விஷயம், அப்பா சொன்னது, நடந்தது என்று நான்கு பத்தி. பதினான்கு மாதத்தில் முப்பத்தொரு தீர்ப்புகள். அவற்றில் ஐந்து, முடிவு தெரியாதவை. மீதி இருபத்தாறில் சரி பதின்மூன்று, தவறு பதின்மூன்று. பூவா தலையா போட்டிருந்தாலும் இவ்வளவு வந்திருக்கும், மூன்று நாள் முழங்கால் வலியும் மிச்சம். பரிபூரண சமாதானத்தோடு வாங்கிய மாடு ஒன்பது நாள் கறந்துவிட்டு நின்றது. தடை என்று அப்பா சொன்ன வண்டிக்காரர்தான், அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டபோது கூப்பிடாமலே வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். எழுதி எழுதி எனக்கு ஒரே சந்தோஷம். தகப்பனாரைத் தாளில் தோற்கடிப்பதில் இருக்கிற சந்தோஷம், படித்த பிள்ளைகளுக்குத் தெரியும்.

அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் எனக்கே பெண் பார்க்கிற பேச்சு வந்தது.

பெண் வண்ணார்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரின் மகள். எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி. கோவிலில் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் தூணை ஒட்டி உட்காருவாள். நான் அவளைப் பதினேழு ஞாயிறு பார்த்திருந்தேன். முதல் ஞாயிறே எனக்கு முடிவாகிவிட்டது. பாட்டு எண்ணைக் குருவானவர் தப்பாகச் சொன்னபோது, கோவில் முழுக்கத் தப்பான பாட்டைத் தேடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் சரியான பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இவள்தான் என்று இருந்தது. அவ்வளவுதான்.

குருவானவரின் மனைவி மூலமாகப் பேச்சு நடந்தது. பெண் வீட்டில் இன்னொரு வரனும் வந்திருந்தது. இலங்கையில் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, லீவில் வந்தவர், பத்து நாளில் கப்பலேற வேண்டும். அதற்குள் எங்கள் வீட்டிலிருந்து பதில் வராவிட்டால் அவருக்குச் சொல்லிவிடுவார்கள். அப்பா ஜெபத்தில் உட்கார்ந்தார். நான்காம் நாள் காலை நெஞ்சுக்குழியில் கையை வைத்தார். நான் வாசலில் செருப்பைத் துடைப்பது போல நின்றுகொண்டிருந்தேன்.

"தடை இருக்குலே" என்றார். "நெஞ்சுல ஒரு கல்லு கெடக்க மாதிரி இருக்கு."

"என்ன கல்லுப்பா?"

"என்ன கல்லுன்னு நான் எங்கன கண்டேன். கெடக்கு."

ஆறு நாள் பாக்கி. நோட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டில் போய் உட்கார்ந்தேன். அதுவரை கவனிக்காத ஒன்று அப்போது கண்ணில் பட்டது. எனக்குக் கருவாடு ஆகாது. உவரியிலிருந்து வண்டியில் வரும் கருவாட்டை அம்மா வாரம் தவறாமல் வாங்கி, மொச்சைக்கொட்டை போட்டுக் குழம்பு வைப்பாள். அப்பா அதில் இரண்டு நாளுக்கான சாப்பாட்டை ஒரு நாளில் சாப்பிடுவார். நான் பட்டினி கிடந்த அந்த நாட்களுக்கு நோட்டின் ஓரத்தில் ஒரு சிலுவைக் குறி போட்டு வைத்திருந்தேன். அப்பா மொத்தம் பன்னிரண்டு முறை தடை சொல்லியிருந்தார். அதில் ஒன்பதுக்கு முந்தின நாள் சிலுவை இருந்தது. அன்றைக்குச் சொன்னதற்கும் இருந்தது.

அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அகப்பையைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"அப்ப ஆண்டவர் சித்தம் மொச்சக்கொட்டைக்குள்ளயா இருக்குன்னு சொல்லுத?"

"நான் அப்பிடிச் சொல்லலம்மா. நோட்டு சொல்லுது."

"நோட்டுல இடி விழ. அந்த மனுசன் முப்பது வருசமா மொச்ச திங்காரு. நான் அவருக்கு வாக்கப்பட்டதும் அதுல ஒரு நாளுதாம்."

"அம்மா, மூணே நாளு. ரசம், துவையல், இஞ்சிச்சாறு. நான் அப்பாவ இன்னொரு தடவ ஜெபம் பண்ணச் சொல்லுதேன்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தப் புள்ள நல்லாப் பாடுமோ?" என்றாள். பாடும் என்றேன். "அப்ப சரி."

அப்பா மறுபடி ஜெபிக்க ஒப்புக்கொண்டார். மூன்று நாள் எங்கள் வீட்டில் மிளகுரசத்தைத் தவிர வேறு குழம்பு இல்லை. இரண்டாம் நாளே அவர் ஏப்பம் விடுவதை நிறுத்தினார். மூன்றாம் நாள் உற்சாகமாகக் கைவீசி நடந்தார். இப்படி ஒரு லேசான வயிறு அவருக்கு என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. நான்காம் நாள் காலை கையை வைத்தார்.

"தடைதாம்லே."

 அப்பாவுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். கையைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார், கொஞ்சம் கீழே நகர்த்தினார், டாக்டர் நாடி தேடுவது போல.

"அந்தப் பிள்ளைய நெனச்சா ஒண்ணும் இல்ல. குளுகுளுன்னு இருக்கு. அந்தக் கம்பவுண்டரு, அவரு பொஞ்சாதி, எல்லாம் சரியாத்தாம் இருக்கு." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஒன்னய நெனச்சாத்தாம்லே கல்லு."

"எனக்கு என்னப்பா?"

"தெரியல. பெத்தவன் சொல்லக் கூடாது, ஆனா இருக்கு."

இதற்கு மேல் அம்மாவால் தாங்க முடியவில்லை. மூன்று நாள் ரசம் வைத்த கோபமும் சேர்ந்துகொண்டது. "எல்லாம் அவன் நோட்டால வந்த வென" என்று ஆரம்பித்து, கருவாடு, மொச்சை, சிலுவைக் குறி வரைக்கும் கொட்டிவிட்டாள். அப்பா கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன்.

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நின்றபடியே வாசித்தார். பக்கத்துக்குப் பக்கம் நாக்கில் விரலைத் தொட்டுப் புரட்டினார். அடி விழும் என்று எதிர்பார்த்து நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"பதிமூணு சரியாலே?" என்றார்.

"ஆமாப்பா."

"பரவால்லயே." நோட்டை மூடினார். "நான் அவ்வளவு இருக்கும்னு நெனைக்கல." பிறகு தலைப்பாகையை எடுத்துக் கட்டத் தொடங்கினார். "இப்பம் தெரியுது கல்லு என்னன்னு. கெளம்பு."

"எங்கப்பா?"

"பொண்ணு வீட்டுக்கு. பெத்த தகப்பனயே பதினாலு மாசம் ஒளிஞ்சிருந்து எண்ணினவன், கட்டுன பொண்டாட்டிய விடுவானா? அவ உப்புப் போட்டதுல எத்தன தப்பு, சரின்னு எழுத மாட்டானா? இதக் காட்டாமப் பொண்ணு கேட்டா அது களவு. காட்டுவோம். அதுக்குப் பொறவு அவுங்க பாடு."

கணக்கப்பிள்ளையின் கப்பலுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து வண்ணார்பேட்டைக்கு நடந்தோம். அப்பா முன்னால், நோட்டு அவர் கக்கத்தில். வழியில் ஒரு மரத்தைக்கூட நான் எண்ணவில்லை.

கம்பவுண்டர் எங்களை நாற்காலியில் உட்கார வைத்தார். அப்பா சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணாச்சி, ஒங்க மகள் மேல எனக்குப் பூரண சமாதானம். எம்மவன் மேலதான் இல்ல. காரணம் இதுல இருக்கு."

கம்பவுண்டர் நோட்டை வாங்கிக் கையைத் தூரத்தில் நீட்டிப் பார்த்தார். அவர் கண்ணாடி ஆஸ்பத்திரியில் கிடந்தது. உள்ளே பார்த்து, "ஏளா, இங்கன வந்து இத வாசி" என்றார்.

அவள் வந்தாள். கைக்குழந்தையை வாங்குவது போல நோட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். ஐந்தாறு பக்கம் சத்தமாக வாசித்தாள். கருவாட்டு விவரம் வந்ததும் கம்பவுண்டர், "நெஞ்சுல கல்லுன்னா ஓமத்தண்ணி ஒரு அவுன்ஸ் போதும்வே, எங்கிட்டச் சொல்லியிருந்தா குடுத்துவிட்டிருப்பேனே" என்றார். அப்பா, "அது வேற கல்லு" என்றார். அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"மாடு வாங்கினது தவறுன்னு போட்டிருக்கு. எப்படித் தவறு?"

"ஒன்பது நாள்தான் கறந்துச்சு."

"பொறவு?"

"பொறவு கன்னு போட்டுச்சு."

"இப்ப?"

"இப்ப ரெண்டு படி கறக்குது."

"அது இதுல எங்கன எழுதியிருக்கு?"

எழுதவில்லை. அவள் இன்னும் இரண்டு பக்கம் புரட்டினாள். வண்டிக்காரர், கூரை, தங்கையின் போர்டிங். ஒவ்வொன்றுக்கும் சரி என்றோ தவறு என்றோ எப்படி முடிவு செய்தேன் என்று கேட்டாள்.  அன்றைக்கு அப்படித் தோன்றியது, எழுதினேன். மூன்று பத்தி வரைக்கும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டவன், நான்காவது பத்தியை வெறும் தோணலில் நிரப்பியிருந்தேன். அப்பாவுக்காவது மூன்று நாள் ஜெபம் இருந்தது. எனக்கு மை காய்கிற நேரம்தான்.

"முப்பத்தோரு விஷயம் இருக்கு" என்றாள். "என்னைப் பொண்ணு கேக்கணும்னு ஒங்களுக்குத் தோணினது எந்தப் பக்கத்துல?"

"அத எழுதல."

"ஏன்?"

"அது நிச்சயமாத் தெரியும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. கம்பவுண்டர் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நோட்டை மூடி என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கம்பவுண்டர் பின்னாலேயே போய், கொஞ்ச நேரம் கழித்து வந்தார். "சமாதானம் இருக்கா தடை இருக்கான்னு கேட்டேன், ரெண்டும் இல்லன்னுட்டா. ஆனா சம்மதமாம். எனக்கு இது புரியல அண்ணாச்சி, ஆனா ஒண்ணு. மகன் குத்தத்தத் தானே தூக்கிட்டு வந்து காட்டுத ஆளு வீட்டுக்குப் பொண்ணு குடுக்கலாம்னு எனக்குத் தோணுது."

"ஒங்களுக்குத் தோணுது" என்றார் அப்பா. "எனக்கு இன்னும் கல்லு அப்பிடியே கெடக்கு. நான் தடுக்க மாட்டேன். ஆனா கோவில்ல பொய் சொல்லவும் மாட்டேன்."

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பாளையங்கோட்டைக்குத் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. எங்கள் சபை முறைப்படி கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், இது கூடாதென்று சொல்ல எவருக்காவது நியாயம் தெரிந்தால் இப்போது சொல்லட்டும் என்று குருவானவர் கேட்பார். யாரும் எதுவும் சொல்வதில்லை. சொல்லிவிட்டால், விசாரித்து முடிக்கும் வரை கலியாணம் நிற்கும்.

முதல் ஞாயிறு குருவானவர் கேட்டபோது அப்பா குனிந்து தரையைப் பார்த்தார். நான் எண்ணினேன், பதினொன்று வரை. அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. இரண்டாம் ஞாயிறு அவர் கை நெஞ்சுக்குழிக்குப் போயிற்று, அங்கேயே இருந்தது. பதினாலு.  அப்பா, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊரே அவர் நெஞ்சைத்தான் நம்பும். அவரிடம் போய்க் கெஞ்சலாமா என்று நினைத்தேன். என்ன சொல்லிக் கெஞ்சுவது? நான் எண்ணுகிறவன் இல்லை என்றா?

அப்பாவின் தோணல்களில் பாதி தப்பு என்று நான் தாளில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் காரணம் தெரியாமலே அவர் என்னைப் பற்றி உணர்ந்தது, காரணம் கையில் கிடைத்தபோது அப்படியே பொருந்திப் போயிற்று. அதை எந்தப் பத்தியில் போடுவது என்று இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் ஞாயிறு. குருவானவர் ஓலையை வாசித்துவிட்டுக் கேட்டார். நான் நான்கு எண்ணுவதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

கோவில் முழுக்கத் திரும்பியது. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், தூணுக்குப் பின்னால் இருந்தவர்கள் உட்பட. குருவானவர் கையிலிருந்த ஓலை தாழ்ந்தது. முப்பது வருஷத்தில் அந்தக் கேள்விக்கு ஒருவர் எழுந்து அவர் பார்த்ததில்லை.

"ஐயரே" என்றார் அப்பா, உபதேசியாருக்கே உரிய குரலில், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி. "எம்மவனப் பத்தி எனக்குத் தெரிஞ்சத எல்லாம் பொண்ணு வீட்டுல சொல்லிட்டேன். அவுங்க கேட்டுட்டுச் சரின்னுட்டாங்க. அத எழுதிக்கிடுங்க."

உட்கார்ந்துவிட்டார். குருவானவர் ஓலையைத் திருப்பிப் பார்த்தார். இதை எழுதிக்கொள்ள அதில் இடம் எதுவும் இல்லை. "தடை ஒன்றும் இல்லை" என்று ஓலையை மடித்து வைத்துவிட்டு அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.