கசாப்புக்கடைக் கொக்கு

சீனாவின் லுவோ நதிக்கரைப் பூங்காவில் துவான் குவாங்ஃபு இடது காலை மெல்லத் தூக்குகிறார். பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லாமலே இரண்டடி தள்ளிப் போகிறார்கள். வயது அறுபத்தெட்டு, பீப்பாய் போன்ற உடம்பு. அது எந்தப் பக்கம் சாயும் என்பது அவருக்கே நிச்சயமில்லை.

“பயப்படாதீங்கப்பா. விழுந்தா முன்பக்கமாத்தான் விழுவேன். தொப்பை தாங்கிக்கும்.”

தொழிற்சாலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். “எத்தனையோ டன் இரும்பத் தலைக்கு மேல தூக்கிட்டுப் போய்ப் பூ மாதிரி எறக்கி வச்சிருக்கேன். இந்த ஒரு கால எறக்கி வைக்கத்தான் வரமாட்டேங்குது” என்பார்.

டாய் சீ என்னும் நிதானமான சீன உடற்பயிற்சியில், வெள்ளைக் கொக்கு சிறகு விரிப்பதாக ஓர் அசைவு உண்டு. சொல்லிக்கொடுக்கும் கே டீச்சர் செய்தால் கொக்குதான் வந்து நிற்கும். துவான் செய்தால்?

“கசாப்புக்கடைக் கொக்கியில தொங்குற வாத்து” என்று அவரே சொல்லிவிடுவார், மற்றவர்கள் சிரிப்பதற்குள்.

“துவான் அண்ணே, வாய மூடிட்டு மூச்ச விடுங்க” என்பார் கே டீச்சர்.

“மூச்சு வெளிய வர்றப்ப பேச்சும் கூடவே வந்துருது டீச்சர்.”

துவான் ஆசைப்பட்டு வந்து சேர்ந்தவரல்ல. போன ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பெல்லாம் பத்திரம். ஆனால் மனத்தில் பயம் புகுந்துகொண்டது. சுவரைத் தடவித் தடவி நடந்தார். மாடியை விட்டு இறங்க மறுத்தார். உயிரையே வைத்திருந்த, தினமும் காலையில் கடைக்குப் போய்க் குடிக்கும் மாட்டிறைச்சி சூப்பைக்கூட வேண்டாம் என்றார். ராத்திரியில் தண்ணீர் குடிக்க எழவும் மனைவி ருய்லானைத் தட்டி எழுப்பினார். விழும் பயத்திலேயே உட்கார்ந்திருந்தால் கால்கள் இன்னும் பலமிழக்கும், டாய் சீ பழகுங்கள் என்றார் மருத்துவர். ருய்லான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

பழகப் பழக முழங்கால் வலி குறைந்தது. தூக்கம் திரும்பியது. ரத்த அழுத்தமும் இறங்கியிருப்பதாக மருத்துவர் சொன்னார்.

“அது வெக்கத்துல எறங்கியிருக்கும்” என்றார் துவான்.

இத்தனைக்குப் பிறகும், பூங்காவுக்குப் போகவும் வரவும் ருய்லான் ஓரடி பின்னாலேயே நடந்தாள், இரண்டு கைகளையும் பாதி நீட்டியபடி. அவளோ அவரில் பாதி எடைதான்.

“நான் விழுந்தா நீ என்னத்தப் பிடிப்பே? ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் சுரண்டி எடுக்கணும்.”

“பேசாம முன்னாடி பாத்து நட, கிழவா.”

இந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள், பயிற்சி முடிந்து ஆற்றங்கரைப் படிகளில் இறங்கினார்கள். ராத்திரி பெய்த மழை கண்ணாடியாக உறைந்திருந்தது. துவானின் வலது கால் சறுக்கியது. ருய்லான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துவான் எதையும் யோசிக்கவில்லை. இடுப்பு தானாகத் தாழ்ந்தது; எடை முழுவதும் இடது காலுக்கு நகர்ந்தது; கைகள் இரண்டும் அகன்றன. பாதிப் படியில், காற்றில் சிறகு விரித்தபடி, அப்படியே நின்றார். தொப்பி மட்டும் உருண்டு கீழே போயிற்று.

சுற்றிலும் பார்த்தார். கே டீச்சர் எப்போதோ போய்விட்டிருந்தார். மற்றவர்களும் இல்லை.

“அடச்சே! ஒழுங்கா வந்தது இது ஒண்ணுதான். பாக்க ஒரு நாதியில்ல!”

கண்கள் நனைந்திருந்தன, அதற்குக் குளிர்காற்றைத் திட்டினார்.

ருய்லான் அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைகளைக் கோட்டுப் பைகளுக்குள் நுழைத்துக்கொண்டு, அவரைத் தாண்டி இறங்கி, சூப் கடை இருக்கும் தெருவை நோக்கி, அவரைத் திரும்பிப் பார்க்காமல் நடக்கத் தொடங்கினாள்.