கணவாயில் நிற்கும் பஸ்

ஆண்டிபட்டிக் கணவாய் வளைவில் எங்கள் மதுரை பஸ் ஒன்றரை மணி நேரமாக நிற்கிறது. முன்னால் காற்றாலை இறக்கை ஏற்றிய நீள லாரி, திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. கண்டக்டரிடம் எதைக் கேட்டாலும், "இந்தா கிளம்பிரும்" என்கிறார்.

பக்கத்து சீட்டில் உத்தமபாளையத்து இஸ்மாயில். பத்து வருஷமாகக் காற்றாலைகளில் ஏறி ரிப்பேர் பார்ப்பவர்.

"தூத்துக்குடியில இன்டர்வியூண்ணே. கடலுக்குள்ள காத்தாடி போடப் போறாகளாம். நீச்சல் தெரியணும்னு சொன்னாக. முப்பத்தாறு வயசுல கிணத்துல விழுந்து பழகினேன்."

பொறுக்காமல் இறங்கிப் போகிறார். இறக்கையின் நுனி பாறையில் உரசாதபடி டிரைவருக்குக் கை காட்டி, லாரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வைக்கிறார். பஸ் நகர்கிறது. வேர்வையோடு வந்து உட்காரும்போது அவருடைய போன் அடிக்கிறது. பேசி முடித்ததும் முகம் கறுத்துவிடுகிறது.

"இன்டர்வியூ இல்லையாம். டெண்டருக்கு ஒரு கம்பெனியும் வரலையாம். கடல்ல போட்டா செலவு கட்டாதாம்."

"மறுபடி எப்பக் கூப்பிடுவாங்க?"

"அதச் சொல்ல மாட்டேங்கிறாக. அங்கன காத்து அடிக்கத்தான செய்யுது? எனக்கு வேலையும் தெரியும். இன்னும் என்னதாண்ணே வேணும் இவுகளுக்கு?"

டெண்டரை நான்தான் விட்டதுபோல என்னைப் பார்த்துச் சத்தம் போடுகிறார். உசிலம்பட்டியில் சொல்லாமல் இறங்கி, ஊருக்குத் திரும்ப தேனி பஸ்ஸுக்காக ரோட்டைக் கடக்கிறார்.