இருபத்து நாலு வீடும் ஒரு பாறையும்

ஓவர்சியர் வேலை என்பது மேலதிகாரி மேஜையில் இழுத்த கோட்டை, நாம் மேட்டிலும் பள்ளத்திலும் இழுத்துக் காட்டுவது. சங்கிலி பிடித்து அளந்து, ஊரார் தப்புக்கெல்லாம் மெமோ வாங்கிய சகபாடிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொல்லிமலை வாழவந்தி நாட்டில், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடியிருந்த குடியானவர்களை ஒரே இடத்தில் வைக்க சர்க்கார் ஒரு மாதிரிக் காலனி போட்டது. வடக்கு தெற்காக நேர்த்தெரு ஒன்று, இரு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டு வீடு. தை பிறந்ததும் இஞ்சினீயர் துரை டோலியில் ஏறி வருவார். அன்றைக்கு இருபத்து நாலு அடுப்பும் புகைய வேண்டும். இல்லாவிட்டால் காலனியும் போச்சு, என் வேலையும் போச்சு. எனக்கா பயம்? பிளான் கையில் இருந்தது.

நம்பர் கல்

மனைக்கு மனை நம்பர் எழுதிய கல் நட்டு, சீட்டுக் குலுக்கி யாருக்கு எது என்று தீர்த்துவிட்டேன். எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. மறுநாள் பார்த்தால் ஐந்துக்குப் பக்கத்தில் பதினேழு, அதற்குப் பக்கத்தில் இரண்டு. ஊர்க்கவுண்டரைக் கூப்பிட்டு ஒரு சத்தம் போட்டேன். அவர் அசரவே இல்லை.

“கல்லு எங்க இருந்தா என்னங்க? அண்ணந்தம்பி ஊடு பக்கத்துல இருக்கோணும். இல்லீன்னா ஏர் புடிக்க வேத்தாளையா கூப்பிடறது?”

வாசல்

கல்லை அவர்கள் மாற்றி நட்ட இடத்திலேயே விட்டுவிட்டேன். எல்லா வாசலும் தெருவைப் பார்க்க வேண்டும் என்பது பிளான். கிழக்கு வரிசைக்கு அது மேற்கு வாசல். ஆடிக்காற்று சாரலோடு நேரே உள்ளே வரும். நல்ல கதவாகப் போட்டுத் தருகிறேன் என்றேன். ஏழாம் நம்பர் வீட்டுப் பாவாயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏனுங்க, ஆடி மாசம் பூரா கதவச் சாத்தீட்டு பொகைக்குள்ள உக்காந்திருக்க எங்களுக்கென்ன கிறுக்கா?”

பாறை

கிழக்கு வரிசைக்கு வாசலைப் பின்பக்கம் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த தொல்லை, தெருவுக்கு நட்டநடுவே அகலமான ஒரு தட்டைப் பாறை. வெடி வைத்துத் தகர்க்கச் சொன்னது பிளான். அந்த வட்டாரத்துச் சாமையும் கேழ்வரகும் காய்வது அதில்தான். பாறையைத் தொட்டால் ஒரு குடும்பமும் குடிவராது என்று ஊர்க்கவுண்டர் மரியாதையாகச் சொல்லிவிட்டார். தொடாவிட்டால் துரை என் சீட்டைக் கிழிப்பார். உண்மையைச் சொல்கிறேன், பயந்துதான் போனேன். இரண்டு நாள் பாறையையே சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாம் நாள், இங்கே குடியிருக்கப் போவது துரையா இவர்களா என்று என்னையே கேட்டுக்கொண்டு, வெடிமருந்துப் பெட்டியை அடிவாரத்துக்கே திருப்பி அனுப்பினேன். தெருவைப் பாறையைச் சுற்றி வளைத்தேன்.

தையில் துரை வந்தார். இருபத்து நாலு அடுப்பும் புகைந்தன. வளைவைக் கண்டதும் முகம் சிவந்து, பிளானை விரித்துப் பிடித்தபடி, பூட்ஸ் காலோடு நேரே பாறையை நோக்கி நடந்தார். பாறை முழுக்கச் சாமை. அதைக் கிளறிக்கொண்டிருந்த பாவாயி நிமிர்ந்து, கையை நீட்டி என் வளைவைக் காட்டினாள். மொழிபெயர்க்க நான் வாய் திறப்பதற்குள் துரை அந்த வழியாகவே சுற்றிப் போய்விட்டார். அந்தப் பக்கம் நின்று பிளானில் கையெழுத்தும் போட்டார். பாவாயி சொன்னது இவ்வளவுதான்.

“சாமைய மிதிக்காதீங்க சாமி. அதா, தடம் அப்பிடிப் போவுதுங்க.”

அந்தக் காலனியை யார் திட்டமிட்டது என்று கேட்டால் இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்தி நான்தான் என்கிறேன், மலையேறி வந்து விசாரிக்க யாருக்கும் முழங்கால் இடம் கொடுக்காது என்ற தைரியத்தில்.