டாக்டர் ஹாகன் அழுத்தாத பட்டன்

டாக்டர் வெண்டல் ஹாகனுக்கு நான் பத்தொன்பது வருடமாக வரிக் கணக்கு பார்க்கிறேன். என் தலை நரையில் பாதி அவர் கொடுத்தது. மீதியை இரண்டு பல் டாக்டர்களும் ஒரு கண் டாக்டரும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

கெட்ட மனிதராக இருந்தால் எப்போதோ வேறு ஆளைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். வடக்கு மினசோட்டாவில் எங்களுடையது போன்ற சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் எமர்ஜென்சி டாக்டர்கள் நிரந்தரமாகத் தங்குவதில்லை. ஹாகன் மாதிரி ஒப்பந்தத்துக்கு வருகிறவர்களால்தான் அவை திறந்திருக்கின்றன. சனிக்கிழமை காலை நூற்று இருபது மைல் காரில் போவார், ஞாயிறு இரவு திரும்புவார். ஒருமுறை உறைந்த ஏரியின் பனி உடைந்து உள்ளே விழுந்த என் தம்பியைப் பிழைக்க வைத்தவரும் அவர்தான். அதனால் பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் ஒப்பந்த டாக்டர் எந்த ஆஸ்பத்திரிக்கும் சம்பள ஊழியர் இல்லை. ஆஸ்பத்திரி வரி பிடிக்காமல் முழுப் பணத்தையும் கையில் கொடுத்துவிடும். வரியை அவரேதான் வருடத்துக்கு நான்கு தவணையாகக் கட்டவேண்டும், ஓய்வுக்காலத்துக்கும் அவரேதான் சேர்க்கவேண்டும். ஹாகனுக்கு இது என்றைக்கும் மண்டையில் ஏறியதில்லை. ஆஸ்பத்திரியில் அவர் ஒரு மருந்தை எழுதினால் அது நோயாளியின் உடம்பில் இறங்கிவிடும். நடுவில் ஒரு நர்ஸ் ஓடுகிறாள் என்பது அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினால், வெளியே அப்படி ஓட யாரும் இல்லை என்பது மறந்துவிடும்.

ஏப்ரல் வந்தால் ரசீதுகளைக் கொண்டுவருவார், எதில் தெரியுமா? ரத்த சாம்பிள் போடும் பிளாஸ்டிக் பையில். மேலே சிவப்பில் அபாயக் குறி வேறு. உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார்.

"ஜோலீன், மீன்பிடி படகு ஒண்ணு வாங்கினேன். தொழில் செலவுல காட்டலாமா?"

"முடியாது டாக்டர்."

"படகுல உட்கார்ந்துதான் மருத்துவப் பத்திரிகை படிக்கிறேன்."

"வீட்டுல உட்கார்ந்து படிங்க."

அடுத்த வருடம் வெந்நீர்த் தொட்டி, அதற்கடுத்த வருடம் நாய். நாய் தன் மன அழுத்தத்தைக் குறைக்கிறதாம். என் மன அழுத்தத்துக்கு நான் எதை வாங்கிக் காட்டுவது? ஒவ்வொரு வருடமும் கடைசியில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் உருப்படியாகப் பதில் வரும்.

"ஓய்வுக்காலக் கணக்குல பணம் போட்டீங்களா?"

"போட்டாச்சு."

எவ்வளவு என்று சொல்வார், எழுதிக்கொள்வேன். சராசரியாக நாற்பதாயிரம் டாலர். அந்த ஒரு விஷயத்திலாவது ஒழுங்காக இருக்கிறாரே என்று நான் பெருமைப்பட்டது உண்டு.

போன பிப்ரவரியில் வேலை முடிந்து வரும்போது ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். கார் பள்ளத்துக்குள் போய்ப் பனியில் புதைந்து நின்றது. சாலையில் பனி தள்ளும் லாரிக்காரன் பார்த்ததால் உயிர் தப்பினார். வயது அறுபத்து மூன்று. அவர் மனைவி ஆர்லிஸ் ஓய்வுபெற்ற பள்ளி பஸ் டிரைவர், அதிகம் பேசமாட்டாள். இந்த ஏப்ரலில் அவளும் கூட வந்தாள். ருபார்ப் தண்டு போட்டுச் செய்த கேக் டப்பாவை என் மேஜையில் வைத்தாள்.

"ஜோலீன், இதுதான் இவரோட கடைசிக் குளிர்காலம். இன்னொரு குளிர்காலம் இவர் ராத்திரியில வண்டி ஓட்டினா, போலீஸ்காரன் வந்து என் கதவைத் தட்டுவான். ஓய்வெடுக்க இருக்கிற பணம் போதுமான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

பார்க்கத்தானே உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வுக்காலக் கணக்கின் அறிக்கையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அதை நான் முழுதாகப் பார்ப்பது அதுவே முதல் தடவை. முதல் பக்கம் சரி. இரண்டாம் பக்கத்தில், எந்த நிதியில் எவ்வளவு முதலீடு என்று இருக்கவேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: ரொக்கம்.

"டாக்டர், பணத்தைப் போட்டப்புறம் எந்த நிதியில முதலீடு பண்ணணும்னு தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டர்ல இன்னொரு பட்டன் அழுத்தணுமே. அழுத்தினீங்களா?"

"எந்தப் பட்டன்?"

பதினெட்டு வருடம். ஏழு லட்சத்துச் சில்லறை டாலர், பள்ளிப் பையன் உண்டியல் மாதிரி சும்மா கிடந்தது. சாதாரணமாக முதலீடு செய்திருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் கேக் டப்பாவைத் தூக்கி அவர் மேலேயே எறிந்திருப்பேன்.

"நான்தான் கணக்குல போட்டுட்டேனே. மிச்சத்தை அவங்க பாத்துக்குவாங்கன்னு நினைச்சேன்."

"எவங்க டாக்டர்? அங்க யாரு இருக்கா? நர்ஸா இருக்கா?"

அவர் முகம் சுருங்கிப்போனது. "நீங்க ஒவ்வொரு வருஷமும் கேப்பீங்களேம்மா, போட்டீங்களான்னு. நான் போட்டேன்."

உண்மைதான். போட்டீர்களா என்றுதான் பதினெட்டு வருடமும் கேட்டேன். அந்தப் பணம் என்ன செய்கிறது என்று ஒரு தடவை கேட்டேனா? வரி எனக்குச் சரியாக வந்தது, பக்கத்தைப் புரட்டிவிட்டேன். நானும்தான் எவரோ பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்திருக்கிறேன். அதை அவர்களிடம் சொன்னேன்.

ஆர்லிஸ் என்னைத் திட்டவில்லை. "இவர் இன்னும் எத்தனை குளிர்காலம் வேலைக்குப் போகணும்?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக் கடன், மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். "நாலு."

ஹாகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்லிஸ் கையை நீட்டி அவர் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"முப்பது வருஷம் அடுத்தவங்க பிள்ளைங்களைப் பனியில ஸ்கூலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கேன். உன்னைக் கொண்டுபோகத் தெரியாதா? பின்சீட்டுல படுத்துத் தூங்கு."

"நூத்தி இருபது மைல், ஆர்லிஸ்."

"எனக்கும் எண்ணத் தெரியும்."

அவர் மூக்கைச் சிந்தினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். படகுக்கும் நாய்க்கும் முன்னால் வரும் பார்வை.

"ஜோலீன், இவளுக்கு டிரைவர் சம்பளம் கொடுத்தா, செலவுல காட்டலாமா?"

திட்டுவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். பிறகு யோசித்தேன். வேலை உண்மையான வேலை, சம்பளத்தை நியாயமாகக் கொடுத்து ஒழுங்காக எழுதிவைத்தால் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆர்லிஸ் பெயரிலும் ஓய்வுக்காலப் பணம் போடலாம். பட்டனை என் மேஜையில், என் கண் முன்னால் அழுத்த வைப்பேன்.

"காட்டலாம் டாக்டர்," என்றேன்.

பத்தொன்பது வருடத்தில் அவர் கேட்டு நான் சரி சொன்ன முதல் செலவு அதுதான்.