மாடி எண் போட்ட டிவிடி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ‘மேல்கீழ்’ என்று பேர் வைத்தது அவருடைய கொழுந்தியாள்தான். வேலை ஒரு காரணம், புத்தி இன்னொரு காரணம். சட்டை எடுக்கப் போனால் நீலத்தைத் தொட்டு, கோடு போட்டதைத் தொட்டு, மறுபடி நீலத்துக்கே வந்து, கடைசியில் வெறுங்கையோடு வீடு திரும்பி, செருப்பைக் கழற்றும்போது ‘அந்தக் கோடு நல்லாத்தான் இருந்துச்சு’ என்பார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வீடு பூராவும் நடப்பார். அவர் எந்த அறையில் என்ன சாப்பிட்டார் என்பதைத் தரையைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

மனைவி நேர் எதிர். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறை, ஒரு நாற்காலி, ஒரு மைக். காலையில் உட்கார்ந்தால் மத்தியானம்தான் எழுந்திருப்பாள். அந்த அம்மாள் வாயைத் திறந்தால் கிளம்பின வண்டியே நின்று கேட்கும் என்று டிரைவர்கள் சொல்லுவார்கள். வீட்டிலும் அதே குரல், அதே தோரணை. புருஷனைத் திட்டுவதைக்கூட அறிவிப்பாகத்தான் திட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.

அந்தக் குரல் போன மழைக்காலத்தில் நின்றுவிட்டது. பக்கவாதம். கால் கொஞ்சம் திரும்பி வந்தது, கை பாதி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. ஊருக்கு வெளியே ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தார்கள். நாக்கில் கோளாறு இல்லை, வார்த்தையெல்லாம் உள்ளேதான் இருக்கிறது, பழகின குரலும் பழகின வீடும் காதில் விழுந்தால் பிடி கிடைக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் ரொம்ப நாள் விட்டுவிட்டால் அப்புறம் கஷ்டம் என்றும் சொல்லிவைத்தார்.

அந்தக் கடைசி வாக்கியம் மேல்கீழைப் பிடித்து ஆட்டியது. பார்க்கப் போகும்போதெல்லாம் கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே அவளுக்கும் சேர்த்து இவரே பேசினார். அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள். கோபமாக்கும் என்றாள் கொழுந்தியாள். பார்க்கத் தலை சுற்றுகிறதோ என்னவோ என்றார் நர்ஸம்மா.

அப்போதுதான் பழைய கேமரா கேசட்டுகள் ஞாபகம் வந்தன. ஒரு காலத்தில் கேமரா வாங்கிவிட்டு, பல் தேய்ப்பவர்களைக்கூட விடாமல் படம் எடுத்தவர் அவர். கொழுந்தியாள் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கேசட்டில் இருந்ததையெல்லாம் அவள் முன்பே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தாள். இல்லத்துக் கூடத்தில் ஒரு டிவியும் ஒரு பழைய டிவிடி பெட்டியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டுக்கொள்ளலாம் என்று நர்ஸம்மா அனுமதித்தார்.

முதல் ஞாயிறு சொதப்பல். மேல்கீழ் அவசரத்தில் வீடியோக்களை அப்படியே ஃபைலாக டிவிடியில் நகலெடுத்துக் கொண்டுபோய்விட்டார். அந்தக் காலத்துப் பெட்டிக்கு அது புரியவில்லை. உறுமியது, தட்டை வெளியே தள்ளியது. மனைவி ஒரு முறை பார்த்துவிட்டு, சக்கர நாற்காலியைத் தானே ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாளே ஜெராக்ஸ் கடையில் வந்து நின்றார். டிவிடி பெட்டியில் ஓடுகிற மாதிரி எடுக்க வேண்டும் என்றதும், கொழுந்தியாள் கம்ப்யூட்டரில் அதற்கான திரையைத் திறந்தாள். திறந்தது அவள் செய்த தப்பு. அது ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டது. படம் சதுரமா, அகலமா? இவர் அகலம் என்றார். அகலத்தில் மனைவி முகம் பூசணிக்காய் போல விரிந்தது. சதுரம் என்றார். இரண்டு பக்கமும் கறுப்பாக விழுகிறதே என்று மறுபடி அகலத்துக்குப் போனார். தெளிவு அதிகமா, நேரம் அதிகமா? தெளிவு என்றால் பாதி வீடியோக்கள்தான் கொள்ளும். நேரம் என்றால் எல்லாம் கொள்ளும், ஆனால் முகம் கட்டம் கட்டமாக உடையும். தெளிவு என்றார், நேரம் என்றார், தெருவுக்குப் போய் ஒரு நடை நடந்துவிட்டு வந்து மறுபடி தெளிவு என்றார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களெல்லாம் ஓட்டுப் போட ஆரம்பித்தார்கள்.

மெனு வேண்டுமா, போட்டதும் தானாக ஓட வேண்டுமா என்பதில்தான் சண்டை வந்தது.

“மெனு வேணாம் அத்தான். அங்க ரிமோட் இல்ல. வீட்டுக்குப் போன பேஷன்ட் ஒருத்தர் மூக்குக்கண்ணாடிக் கூடுன்னு நெனச்சு எடுத்துட்டுப் போயிட்டாராம். பெட்டியில ஆன் பண்றதும் தட்டு தொறக்கறதும்தான் இருக்கு.”

“பொத்தான் இல்லாத லிஃப்ட்ட எங்கயாவது பாத்திருக்கியா? உள்ள ஏறினவங்க எங்க போறதுன்னு சொல்ல வேணாமா? ரிமோட் நான் வாங்கிட்டு வரேன்.”

“உங்களயெல்லாம் அக்கா எப்படித்தான் வச்சு மேச்சாளோ.”

மேல்கீழ் தன் இஷ்டப்படியே மெனு செய்தார். லிஃப்டுக்குள் இருப்பதுபோல வரிசையாக வட்டங்கள். தரைத்தளத்தில் சமையலறை, முதல் மாடியில் கொழுந்தியாளின் பாப்பா நடை பழகினது, இரண்டாம் மாடியில் கடற்கரை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. வட்டங்களுக்குப் பின்னால் சின்னத் துண்டு வீடியோ ஒன்று திரும்பத் திரும்ப ஓடும்படி வைக்கலாம் என்றது கம்ப்யூட்டர். அதற்கும் ஒன்றைப் பொறுக்கினார்.

அடுத்த ஞாயிறு கூடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். டிவிடி சமர்த்தாக உள்ளே போனது. மாடிகள் வரிசையாக வந்து நின்றன. பின்னால் சமையலறை வாசலில், ஈரக் கையோடு, இளமையாக அவர் மனைவி.

“பயணிகள் கவனத்திற்கு. இந்த வீட்டு மனுஷன் இப்ப கேமராவ கீழ வச்சிட்டு அடுப்புல இருக்கற பால எறக்கி வைப்பாரு.”

கூடமே சிரித்தது. மேல்கீழ் சட்டைப்பையிலிருந்து ரிமோட்டை எடுத்தார். எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும் என்று நடைபாதைக் கடைக்காரன் சத்தியம் செய்து கொடுத்தது. தரைத்தளத்துக்கு அழுத்தினார். ஒன்றும் நகரவில்லை. டிவியின் சத்தம் மட்டும் ஏறியது. குறைக்க அழுத்தினார், இன்னும் ஏறியது.

“பயணிகள் கவனத்திற்கு. இந்த வீட்டு மனுஷன் இப்ப கேமராவ கீழ வச்சிட்டு...”

இரண்டாவது தடவையும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு தேய்ந்தது. ஒரு பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். மேல்கீழ் ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றினார், மாட்டினார், பெட்டியைத் தட்டினார், டிவிக்குப் பின்னால் போனார், வந்தார். கொழுந்தியாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மனைவியின் நாற்காலி ஜன்னலைப் பார்த்தபடிதான் இருந்தது. இந்த ஞாயிறும் போச்சு. ஓயாமல் அலைந்த கால்கள் இப்போது எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றன.

பயணிகள் கவனத்திற்கு. கேமரா. அடுப்பு. பால். பாலை இறக்குவதற்கு முன்பே துண்டு முடிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. நர்ஸம்மா பொறுக்க முடியாமல் பிளக்கைப் பிடுங்கப் போனார்.

அப்போது ஜன்னல் பக்கமிருந்து, துருப்பிடித்த கதவை யாரோ தள்ளுவது போல, ஒரு சத்தம்.

“பா...”

நர்ஸம்மாவின் கை பிளக்கிலேயே நின்றது. டிவி மட்டும் அடுத்த தடவையை ஆரம்பித்தது. சக்கர நாற்காலி மெல்லத் திரும்பியது. முகமெல்லாம் எரிச்சல், கண்ணெல்லாம் எரிச்சல். நல்ல கையால் டிவியைக் காட்டினாள்.

“பால்... பொங்கி... டுச்சு.”

மேல்கீழ் நிஜமாகவே இரண்டு எட்டு ஓடினார், கூடத்தில் எங்கோ அடுப்பு இருப்பதுபோல. பிறகு திரும்பி வந்து அவள் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“எறக்கிட்டேன். இப்பத்தான் எறக்கி வச்சேன்,” என்றார்.

டிவியில் அவள் மறுபடி கவனத்திற்கு என்றாள். நாற்காலியில் இருந்தவள் அதைப் பார்த்தாள், பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தாள். உதடு ஒருக்களித்து, நேரம் எடுத்துக்கொண்டு ஒரு சொல்லைத் தேடிப் பிடித்தது.

“பொய்,” என்றாள்.